பிடரிக்குள் ஒரு பிறை

சஃபியா, இர்ஃபான், ரெண்டு பேரும் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். தம்பிக்குப் புரியாத இடம் வந்தால் அக்கா நிறுத்திச் சொல்ல வேண்டும். அத்தா பத்தாம் வகுப்போடு நின்றவன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கணக்கு தெரியும், கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் சஃபியா சிவப்புப் பேனாவில் திருத்திக்கொள்ளட்டும்.

நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நீங்கள் ரெண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "அத்தா, கழுத்துல என்ன உடைஞ்சுது?" அன்றைக்கு எனக்குக் குரல் சரியாக வரவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தது. அம்மாதான், "ஒண்ணும் உடையல கண்ணு, சுளுக்குத்தான்" என்று சொல்லி உங்களை அனுப்பிவைத்தாள். சுளுக்கு இல்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று உள்பக்கமாகக் கிழிந்திருந்தது. அது முழுசாக ஒட்டிவிட்டதா என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த ஸ்கேன் இருக்கிறது. அதற்கு முன்னால், குரலும் நிதானமும் இருக்கிற இந்த நாட்களில், நடந்ததை நடந்த மாதிரி எழுதிவைக்கிறேன்.

நம் பட்டறை வேலை உங்களுக்குத் தெரியும். சூலூர், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிணற்று மோட்டார்கள் எரிந்துபோய் வரும். எரிந்த கம்பியை வெட்டி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, இரும்புக் கூட்டின் ஒவ்வொரு சந்துக்குள்ளும் விரலால் தள்ளித் தள்ளி இறக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த தலை. சாயந்திரம் நிமிரும்போது பிடரி பலகை மாதிரி விறைத்திருக்கும். ஒரு கையால் தாடையையும் ஒரு கையால் உச்சந்தலையையும் பிடித்து வெடுக்கென்று திருப்புவேன். 'டக்' என்று நெட்டி விழும். இர்ஃபானுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். "அத்தா, இன்னொரு தடவ!" என்பான். அவனுக்காக அடுத்த பக்கமும் திருப்பிக் காட்டுவேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் ராசு கடையில் சவரம். மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்கு முகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ரொம்ப நாள் பழக்கம். உங்களுக்கு முடி வெட்டுகிற அதே ராசு அண்ணன்தான். சவரம் முடிந்ததும் கேட்காமலே உச்சந்தலையில் ரெண்டு தட்டு தட்டுவார், பிடரியைப் பிசைவார், கடைசியில் கழுத்தை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று முறித்துவிடுவார். அதற்கென்று தனியாகக் காசு வாங்க மாட்டார். அது இல்லாமல் எழுந்தால் சவரமே பாதியில் நின்ற மாதிரி இருக்கும். நம் தெரு ஆம்பிளைகள் எல்லாருக்கும் அப்படித்தான்.

அந்த வியாழக்கிழமை வலது பக்கம் எப்போதும்போல விழுந்தது. இடது பக்கம் திருப்பியபோது சத்தம் பெரிதாக வந்தது. சத்தத்தோடு சேர்ந்து, காதுக்குப் பின்னால் சூடான நூல் ஒன்றை யாரோ இழுத்த மாதிரி இருந்தது.

"பாய், செமையா உளுந்துச்சுங்க!" என்றார் ராசு.

"ஆமாங்க, கண்ணுல பூச்சி பறக்குது" என்று நானும் சிரித்தேன்.

அன்று படுக்கப்போகும்போதே இடது பின்தலையில் வலி ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தலைவலி புதிதில்லை. ஆனால் இது வேறு ஜாதி. இங்கேதான் வலிக்கிறது என்று ஒற்றை விரலை வைத்துக் காட்டலாம். அம்மா தைலம் தேய்த்தாள், உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். குறைகிற மாதிரி இருந்துவிட்டுத் திரும்ப வரும். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்கே போனேன் தெரியுமா? ராசு கடைக்கே போனேன்.

ராசு பிடரியை அமுக்கிப் பார்த்தார். "உள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டு நிக்குதுங்க பாய். அதையும் எடுத்துப்போட்டா சரியாப் போயிருமுங்க."

"எடுத்துருங்க" என்றேன்.

எடுக்கச் சொன்னது நான். ராசு அண்ணனைப் பற்றித் தெருவில் யாராவது ஏதாவது பேசினால் இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பட்டறையில் தாராபுரத்துக்காரர் ஒருவரின் மோட்டாரைக் கட்டி முடித்து ஓடவிட்டிருந்தேன். ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. வலது கையை வைத்தேன். சூடே தெரியவில்லை. கட்டு நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு கையை எடுக்காமல் நின்றேன்.

"மச்சான், கை! கையி!" என்று கத்திக்கொண்டு, என்னோடு பட்டறையில் வேலை செய்கிற உங்கள் கபீர் மாமா ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். உள்ளங்கை சிவந்து கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. நம்பாமல் இடது கையை வைத்துப் பார்த்தேன். தீயாகச் சுட்டது. மோட்டார் ஒன்றுதான். ஒரு கைக்கு அது நெருப்பு, ஒரு கைக்கு அது வெறும் இரும்பு.

அந்த நிமிஷம் எனக்கு வந்த பயம் இன்னும் உடம்பில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பட்டறை சுற்ற ஆரம்பித்தது. வாந்தி எடுத்தேன். அப்புறம் விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தால் நிற்கிற விக்கல் இல்லை. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

கபீர் மாமா ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வளையம் மாதிரி ஒரு மெஷினுக்குள் தலையைக் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். "ரத்தக்கசிவு எதுவும் இல்லீங்க. ஸ்கேன் நார்மல். கேஸ் தொந்தரவா இருக்கும்" என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அந்த 'நார்மல்' என்கிற சொல்லைக் கேட்டதும் மாமா சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அம்மா நிம்மதியாக ரசம் வைத்தாள். அந்த ஸ்கேன் மூளைக்குள் ரத்தம் கொட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. குழாயின் சுவருக்குள் நடப்பது அதில் பெரும்பாலும் தெரியாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

சஃபியா, நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் என் முகத்தையே பார்த்தாய். ஞாபகம் இருக்கிறதா?

"அம்மா, அத்தாவோட ஒரு கண்ணு மட்டும் தூங்குதும்மா."

அம்மா திரும்பிப் பார்த்தாள். இடது இமை பாதி இறங்கியிருந்தது. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு, "கபீரு, வண்டிய எடு" என்றாள். நீ அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஊசி மயக்கத்தில் நான் படுத்துத் தூங்கியிருப்பேன். எழுந்திருப்பேனா என்று டாக்டரம்மாவிடம் அப்புறம் ஒருநாள் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அவிநாசி ரோட்டில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேதான் டாக்டரம்மா வந்தார். மூளை நரம்பு பார்க்கிறவர். கம்பி மாதிரி ஒரு குளிர்ந்த இரும்பை எடுத்து என் முகத்திலும் கையிலும் காலிலும் மாறி மாறி வைத்தார். முகத்தில் இடது பக்கம் குளிர் தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே வலது பக்கம் தெரியவில்லை. உடம்பைக் குறுக்காக வெட்டி மாற்றி ஒட்டிய மாதிரி. அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"சலூன்ல கழுத்து நெட்டி எடுத்தீங்களா?"

அம்மாவும் மாமாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நான் ரெண்டு விரலைக் காட்டினேன். ரெண்டு தடவை.

அவர் ஒன்றும் திட்டவில்லை. நர்ஸைப் பார்த்து, "தலைய அசைக்க விடாதீங்க. உடனே எம்.ஆர்.ஐ." என்றார்.

எம்.ஆர்.ஐ. மெஷின் ஒரு நீளமான குழாய். படுக்க வைத்து, முகத்துக்கு மேல் கூண்டு ஒன்றை மாட்டி, உள்ளே தள்ளுவார்கள். காந்தத்தால் படம் எடுக்கிறது. வலி கிடையாது, ஆனால் சத்தம் பயங்கரம். பேரிங் போன மோட்டார் ஓடுகிற மாதிரி முதலில் கடகடவென்று. அப்புறம் டக், டக், டக் என்று. கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு அந்த டக்கை எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். என்னால் முடிந்தது விக்கல் விடுவது ஒன்றுதான்.

"அண்ணா, விக்கல் வந்தா படம் கலங்கிருதுங்க. கொஞ்சம் அடக்கிக்கோங்க" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. அடக்க முடிந்தால் அடக்கமாட்டேனா? வெளியே இழுத்து, விக்கலுக்கு ஊசி போட்டு, மறுபடி உள்ளே தள்ளினார்கள். கடைசியில் கையில் இருந்த ஊசி வழியாக மருந்து ஒன்றை ஏற்றினார்கள். கை ஜில்லென்றது.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் எங்களுக்குப் படத்தைக் காட்டினார். எனக்குத் தெரிய வேண்டும் என்று நான்தான் கையைக் காட்டிக் கேட்டேன். முதல் படம் மூளையின் சதை. கீழே பின்பக்கத்தில் அரிசி அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன இடம் அது. சூடு தெரியாததும் விக்கலும் குரல் போனதும் அந்த அரிசி அளவு இடத்தால்தான். ரெண்டாவது படத்தில் சதையே கிடையாது, ஓடுகிற ரத்தம் மட்டும். கழுத்தின் பின்பக்கமாக ரெண்டு ஓடைகள் ஏறி மண்டைக்குள் போய் ஒன்றாகச் சேர்கின்றன. வலது ஓடை நல்ல தடிமனாக இருந்தது. இடது ஓடை நூல் மாதிரி இளைத்து, ஓரிடத்தில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

மூன்றாவதுதான் முக்கியமான படம். கொழுப்பை மறைத்து, குழாயின் சுவரை மட்டும் காட்டுகிற மாதிரி எடுப்பார்களாம். வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்க்கிற மாதிரி குழாயைக் குறுக்கே காட்டியது. நடுவில் கறுப்பாக ஒரு சின்ன ஓட்டை. அதைக் கட்டிக்கொண்டு பளீரென்று வெள்ளையாக ஒரு வளைவு.

"பிறை" என்றாள் அம்மா, மெதுவாக.

"நாங்களும் அப்படித்தாம்மா சொல்லுவோம்" என்றார் டாக்டரம்மா.

குழாயின் உள்படலம் கிழிந்து, ரத்தம் சுவருக்குள் புகுந்து தேங்கியிருக்கிறது. தேங்கிய ரத்தம்தான் அந்தப் பிறை. அது உள்ளே உப்பி வழியை அடைக்கிறது. தண்ணீர் இழுக்கிற பழைய ஓஸைப் பார்த்திருக்கிறீர்களே, வெளியே நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ரப்பர் படலம் பிரிந்து தொங்கும், தண்ணீர் வராது. "அந்த மாதிரிங்களா?" என்று கரகரத்த குரலில் கேட்டேன்.

"அதே மாதிரிதான். ஆனா ஓஸ் தானா ஒட்டிக்காது. இது ஒட்டிக்கலாம். அதுக்கு நேரம் வேணும். அதுவரைக்கும் நம்ம பார்த்துக்கிட்டே இருக்கணும்."

பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார். கிழிசல் கழுத்தோடு நிற்கவில்லை, மண்டையோட்டுக்குள்ளும் ஏறியிருக்கிறது. அங்கே குழாயின் சுவர் மெல்லிசு. கிழிந்த இடத்தில் ரத்தக்கட்டி உண்டாகி மூளைக்குப் போனால் ஒரு பக்கவாதம். கட்டி வராமல் இருக்க ரத்தத்தை ரொம்ப இளக்கினால், மெல்லிசான இடம் வெளிப்பக்கமாக வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் கொட்டலாம். ரெண்டு பக்கமும் ஆபத்து, நடுவில் போக வேண்டும். லேசான மாத்திரை ஒன்று, பிரஷர் ஏறாமல் ஒரு மருந்து, அசையாமல் படுக்கை. அவ்வளவுதான் வைத்தியம். பாக்கியெல்லாம் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது.

எத்தனையோ வருஷம் ரமலான் கடைசியில் மொட்டைமாடியில் நின்று பிறையைத் தேடியிருக்கிறோம். அடுத்த படத்தில் பிறை தெரியக்கூடாது என்று நான் துஆ கேட்டது அன்றைக்குத்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பொழுது எதுவென்று தெரியாது. அடிக்கடி வந்து டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பார்கள். "பேரு சொல்லுங்க", "ஜாபர்." "ரெண்டு கையும் தூக்குங்க", தூக்குவேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை தூக்க முடியாமல் போகுமோ என்றுதான் தோன்றும். விக்கல் வரும்போதெல்லாம் அந்த மெல்லிசான சுவர் அதிர்வது எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். முக்கக்கூடாது, இருமக்கூடாது, திரும்பக்கூடாது. ஒரு ஆள் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்திருப்பது சுலபமில்லை.

பக்கத்துக் கட்டிலில் கோபிச்செட்டிபாளையத்து விவசாயி ஒருவர். வாழைத் தோட்டக்காரர். அவருக்கு ஒரு கை விழுந்துவிட்டது, வாய் விழவில்லை.

"ஏனுங்க பாய், உங்குளுக்கு என்னாச்சுங்க?"

"ரத்தக்குழாய் கிழிஞ்சிருச்சுங்க."

"கிழிஞ்சா நல்ல டைலரா ஒருத்தனக் கூப்புட்டுத் தெச்சுபோடறதுதானுங்களே! இதுக்கெதுக்கு இத்தன மிசினு?"

"சித்த சும்மா கெடங்க" என்று அவர் வீட்டம்மா அதட்டினார். "சிரிச்சா அவுருக்கு விக்கல் வருதாமா."

ஒருநாள் காலையில் நர்ஸ் என்னைத் துடைத்துவிடும்போது அந்தப் பக்கம் பேச்சுச் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது. கண்ணை மட்டும் ஓட்டினேன். புது விரிப்பு போட்டுக் கட்டில் காலியாக இருந்தது. "மாத்திட்டாங்க" என்றார் நர்ஸ். எங்கே என்று சொல்லவில்லை.

வார்டுக்கு மாற்றின பிறகு வந்தவர்களெல்லாம் கட்டிலின் பக்கவாட்டில் நிற்பார்கள். கூப்பிட்டால் தலை தானாகத் திரும்பும். அதற்காக சஃபியா ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் 'அத்தாவை நேராப் பாருங்க' என்று எழுதி, கால்மாட்டில் ஒட்டச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். அம்புக்குறி வேறு போட்டிருந்தாள். டாக்டரம்மாவே அதைப் படித்துவிட்டுக் கால்மாட்டில் போய் நின்றுகொண்டார். பில்லைப் பற்றிக் கேட்டால் மட்டும் கபீர் மாமா அங்கே நிற்காமல் நழுவிவிடுவார். "மோட்டார் ஓடட்டும் மச்சான், அப்புறம் வசூல் பண்ணிக்கிறேன்" என்பார்.

ராசு அண்ணன் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சாத்துக்குடிப் பையோடு வந்து, வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, இடது பக்கமாக வந்து "பாய்" என்றார். நான் திரும்பப் போனேன். அம்மா பாய்ந்து ரெண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"முன்னால வாங்கண்ணா" என்றாள். கோபமா அழுகையா என்று தெரியாத குரல்.

ராசு முன்னால் வந்தார். பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல், "எம்பட கையாலதானுங்களா பாய்?" என்று கேட்டார்.

இதையே நான் டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். அவர் சொன்னதைக் கரகரத்த குரலில் விட்டு விட்டு ராசுவிடம் சொன்னேன். வருஷக்கணக்காக நானே திருப்பியிருக்கிறேன். கிழித்தது எந்தத் திருப்பு என்று எந்தப் படத்திலும் தெரியாது. நூறு பேருக்கு ஒன்றும் ஆகாது, ஒருத்தனுக்கு இப்படி ஆகும், யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"அப்ப நான் இன்னைக்குக் காத்தால ரெண்டு பேருக்கு எடுத்துட்டு வந்தனுங்களே" என்றார் ராசு. பையை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயந்திரம்தான் நீங்கள் ரெண்டு பேரும் முதல்முதலாக வந்தீர்கள். சஃபியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இர்ஃபானுக்கு ஒரே இடத்தில் நிற்கப் பொறுக்கவில்லை. ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தான், ஜன்னலைப் பார்த்தான். என்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு கையைத் தாடையில் வைத்தான், ஒரு கையை உச்சந்தலையில் வைத்தான்.

"அத்தா, இங்க பாருங்க!"

டக்.

அந்தச் சின்னக் கழுத்திலிருந்து அவ்வளவு சுத்தமாக வந்தது அந்தச் சத்தம். என்னிடம் கற்றுக்கொண்டது. அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை, கத்தவும் குரல் இல்லை. ஏதோ ஒரு சத்தம் மட்டும் தொண்டையிலிருந்து வந்தது. இர்ஃபான் பயந்து அழுதுவிட்டான். கண்ணு, அன்றைக்கு அத்தா உன்னைத் திட்டவில்லை. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வந்த சத்தம் அது. நீ தூங்குகிற வரைக்கும் கண்ணைப் பார்த்துக்கொள், ரெண்டு இமையும் ஒரே மாதிரி இருக்கிறதா பார் என்று அம்மாவிடம் ஜாடை காட்டி அனுப்பினேன்.

ரெண்டாவது எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். விக்கல் நின்றிருந்ததால் படம் தெளிவாக வந்தது. தெளிவாக வந்ததே கஷ்டமாகப் போயிற்று. பிறை இன்னும் இருந்தது. அதற்கு மேலே, மண்டைக்குள் இருக்கிற பகுதியில், சுவர் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் புடைத்திருந்தது. சைக்கிள் டியூபில் ஒரு இடம் மட்டும் முட்டிக்கொண்டு வருமே, அந்த மாதிரி.

"இது வளர்ந்தா தொடையில இருந்து மெல்லிசா ஒரு குழாய விட்டு, உள்ள காயில் வெச்சு அந்த இடத்த அடைக்க வேண்டி வரும்" என்றார் டாக்டரம்மா. "தலமுடி மாதிரி மெல்லிசான கம்பி. சுருளா உள்ள போய் உக்காந்துக்கும். ஆனா அந்த இடத்துல இருந்து மூளைக்குச் சின்னச் சின்னக் குழாய் பிரியுது. அதுவும் அடைபட்டுப் போகலாம். அதனால இப்ப அவசரப்பட வேண்டாம். பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

காயில் என்ற சொல்லைக் கேட்டதும் மாமா என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. கம்பியை இடம் தப்பி ஒரு சுற்று சுற்றினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். மோட்டார் என்றால் திரும்ப வெட்டி எடுத்துக் கட்டலாம்.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்களே, அந்த நாட்கள்தான் மோசம். மூச்சு விடுவதைக்கூட அளந்து விட்டேன். வரும்போதெல்லாம் அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து, என் வலது பாதத்தைக் கிள்ளிப் பார்ப்பாள். "தெரியுதுங்களா?" "இல்ல." "இப்ப?" "இல்ல." ஒருநாள் அவள் கிள்ளாமல் சும்மா கையை வைத்தாள். அந்தக் கை லேசாக, எங்கேயோ தூரத்தில் இருப்பது மாதிரி, வெதுவெதுப்பாகத் தெரிந்தது. "சூடு" என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது தடவை எடுத்த எம்.ஆர்.ஐ.யில் புடைப்பு வளரவில்லை. குரல் கொஞ்சம் திரும்பியது, மூக்கில் இருந்த குழாயை எடுத்தார்கள், முதல் வாய்க் கஞ்சி மூக்கில் ஏறாமல் இறங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எடை தூக்கக்கூடாது, தலையை அண்ணாந்து பார்க்கக்கூடாது, கழுத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. திடீரென்று இடி விழுந்த மாதிரி தலைவலி வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் வர வேண்டும். அந்தக் கடைசி வரியை அம்மா போன் திரையில் எழுதிவைத்திருக்கிறாள்.

நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதேன். தொழுகை முடியும்போது வலது பக்கமும் இடது பக்கமும் முகத்தைத் திருப்பி சலாம் கொடுக்க வேண்டும் இல்லையா, அதை என்ன செய்வது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "கண்ணால குடுங்க பாய், போதும்" என்றார். அதனால் முகத்தை நேராக வைத்துக் கண்ணை மட்டும் வலப்பக்கம் ஓட்டி ஒரு சலாம், இடப்பக்கம் ஓட்டி ஒரு சலாம். ரமலான் முடிகிற அன்று நீங்கள் மாடியிலிருந்து "பிறை தெரிஞ்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடிவந்தீர்கள். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனை டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிறை நகம் வெட்டிப் போட்ட துணுக்கு மாதிரி தேய்ந்திருந்தது. நூல் மாதிரி இருந்த ஓடை கொஞ்சம் தடித்திருந்தது. புடைப்பு அப்படியே இருந்தது.

"வளரல. ஆனா போகவும் இல்ல" என்றார். "ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா நல்லது."

"வளந்திருந்தா என்னங்க?" என்றாள் அம்மா.

"அப்ப பேசுவோம்மா." பிறகு என்னைப் பார்த்து, "வேலைக்குப் போங்க, உக்காந்து பண்ற வேலை மட்டும். கழுத்த மெதுவாத் திருப்பலாம். நீங்களா, மெதுவா. வெடுக்குனு மட்டும் கூடவே கூடாது" என்றார்.

மெதுவாகத் திருப்பலாம் என்று சொல்லியும் நான் திருப்பவில்லை. யாராவது கூப்பிட்டால் காலோடு சேர்த்து உடம்பையே திருப்பினேன். "அத்தா ரோபோ மாதிரி திரும்பறாரு" என்று இர்ஃபான் சொன்னதும் எனக்குத் தெரியும். ராசு அண்ணன் கடையில் இப்போது சவரத்தோடு எழுப்பிவிடுகிறாராம். சிலபேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்களாம். போன வியாழக்கிழமை நான் போனேன். கண்ணாடியில் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். அவர் என் தலையைத் தொடவே இல்லை. மோவாயை மட்டும் ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டு முடித்தார்.

நேற்று மத்தியானத்துக்கு மேல் கபீர் மாமா ஒரு மோட்டாரை இறக்கப் போயிருந்தார். பட்டறையில் நான் மட்டும். அஸர் தொழுகைக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் சஃபியா எழுதிய 'அத்தாவை நேராப் பாருங்க' தாளை ஒட்டியிருக்கிறேன். தொழுது முடித்து சலாமுக்கு வந்தபோது கண்ணை ஓட்டாமல் முகத்தையே வலது பக்கம் திருப்பினேன். மெதுவாக, இஞ்ச் இஞ்சாக. கட்டி முடித்த மோட்டார்கள் வரிசையாகத் தெரிந்தன. அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி, முகத்தை நேராகக் கொண்டுவந்தேன்.

பாக்கி இருந்தது இடது பக்கம். காதுக்குப் பின்னால் அந்தச் சூடான நூல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு பஸ் போய் முடிந்தது. அப்புறம் திருப்பினேன். தாடை நகர்ந்தது, வாசல் தெரிந்தது, வாசலைத் தாண்டி என் இடது தோள் தெரிந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. சலாமைச் சொல்லி முடித்தும், முகத்தைத் திரும்ப எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.